‘தொடுகை’யா, ‘எடுப்பா’? இருபாலர் கைப்பந்து விதித்தாளுக்கு ஒரு சொல்

காரைக்குடியிலிருந்து, விதித்தாள் தொகுப்பவர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறைக்கு ஊர் திரும்பும் இளைஞர்களுக்காக நடத்தவிருக்கும் இருபாலர் கைப்பந்துத் தொடரின் விதித்தாள் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். வலை ஆடவர் ஆட்டத்துக்குரிய 2.43 மீட்டர் உயரம்; ஆணும் பெண்ணும் மாறி மாறி நிற்கும் சுழற்சி வரிசை. இவற்றை எழுதுவதில் இடர்ப்பாடு இல்லை. இடறுவது ஒரே விதிதான். அமெரிக்கக் கைப்பந்து அமைப்பின் இருபாலர் விதிப்படி, ஓர் அணி பந்தை ஒரு முறைக்கு மேல் ஆடி எதிர்ப்பக்கம் அனுப்பினால், அவற்றுள் ஒன்றேனும் பெண் ஆடியதாக இருக்க வேண்டும். வலையருகே தடுக்கும்போது கையில் படுவது இந்தக் கணக்கில் சேராது. பந்தை ஒரு முறை ஆடுவதைக் களத்தில் எல்லாரும் ‘டச்’ என்கிறார்கள்; ஆகவே இந்த விதிக்கு நான் ‘பெண் தொடுகை விதி’ என்று தலைப்பிட்டிருந்தேன். மெய்ப்புப் பார்த்த அம்மையார் அதைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பியிருக்கிறார். தகுந்த சொல் தந்து உதவ வேண்டுகிறேன்.

தேவகோட்டையிலிருந்து, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

அம்மையார் அடித்தது முறையே. ‘பெண் தொடுகை’ வேற்றுமைத் தொகை, அதாவது ‘ஐ’, ‘இன்’ போன்ற உருபு மறைந்து நிற்கும் தொடர். உரையாசிரியர்கள் காட்டும் ‘புலிகொல் யானை’, புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா என்று மயங்குவது போலவே, பெண் தொடுவதா, பெண்ணைத் தொடுவதா என்று இதுவும் மயங்கும். மகளை ஆட அனுப்பும் வீட்டார் கையில் அத்தகைய தலைப்பைக் கொடுக்கலாகாது. ஆனால் தொகை மயங்கினால் அதை விரிக்க வேண்டுமேயன்றிச் சொல்லையே தள்ளுவது முறையன்று. ‘பெண்ணின் தொடுகை’ என்று எழுதுங்கள். மேலும், ‘இருபாலர்’ என்பதும் வேண்டாம். தொல்காப்பியர் உயர்திணைக்கு ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்று வகுத்தார். ஆணையும் பெண்ணையும் வேறு பிரிக்காமல் ஏற்கும் பலர்பால் இருக்க, நாம் இரண்டாகக் கூறு போடுவானேன்? ‘பலர்பால் கைப்பந்து’ என்பதே என் முடிபு. வீராங்கனை என்ற வடசொல்லுக்கு மாற்றாகக் குறுந்தொகையின் ‘ஆடுகள மகள்’ இருக்கிறது.

பள்ளத்தூரிலிருந்து, உடற்கல்வி ஆசிரியை:

ஐயா, அந்த ஆடுகள மகள் துணங்கைக் கூத்தோடு வருபவள். எங்கள் பிள்ளைகளை அப்பெயரால் அழைத்தால் நடனப் போட்டிக்கு வந்தவர்கள் என்றே ஊர் எண்ணும். அது நிற்க. தொகையை விரித்தால் இலக்கண மயக்கம் தீரும், களத்து வழக்குத் தீராது. வலைமேல் கை உயர்த்தித் தடுக்கும் பெண்ணின் விரல் நுனியில் பட்டு, பந்து அவள் பக்கமே விழுகிறது. பின்வரிசைப் பையன் அதை முழங்கையோரத்தில் வாங்கி உயர்த்துகிறான். இன்னொருவன் ஓங்கி அடிக்கிறான். நடுவர் விசில் ஊதுகிறார், ஏனென்றால் தடுப்பு கணக்கில் சேராது, ஆடிய இருவரும் ஆண்கள். அந்தப் பெண் சிவந்த விரலை நீட்டி, ‘நான் தொட்டேனே’ என்பாள். விதித்தாளில் ‘தொடுகை’ என்று இருக்குமானால் அவள் சொல்வதே நியாயம். ஆகவே பந்து படுவதையும் பந்தை ஆடுவதையும் பிரித்துக் காட்டும் சொல்தான் நமக்கு வேண்டும். களத்தில் ஒருவருக்கொருவர் ‘எடு, எடு’ என்றுதான் கூவுகிறோம். ‘எடுப்பு’ என்று வைக்கலாம்: மூன்று எடுப்புக்குள் பந்து வலையைக் கடக்க வேண்டும், தடுப்பு எடுப்பாகாது.

கண்டனூரிலிருந்து, பொறியாளர்:

எடுப்பு என்றால் எங்கள் வீட்டில் எடுப்புச் சாப்பாடுதான் நினைவுக்கு வருகிறது. படுவதற்குத் ‘தீண்டல்’, ஆடுவதற்குத் ‘தொடுகை’ என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாமே. அல்லது ‘கைபடல்’?

பள்ளத்தூரிலிருந்து, உடற்கல்வி ஆசிரியை:

தம்பி, காலால் எடுத்தாலும் விதிப்படி செல்லும். கை என்று கட்டிவிட்டால் அது தவறாகிவிடும். தீண்டலை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். தீண்டாமை என்ற சொல் இந்த மண்ணில் யாரையெல்லாம் வாசலுக்கு வெளியே நிறுத்தியது என்பதை அறிந்த நாம், எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே அணியில் நின்று ஆடும் களத்துக்கு அச்சொல்லின் வேரைக் கொண்டுவரக் கூடாது.

கானாடுகாத்தானிலிருந்து, ஓர் ஆச்சி:

நகரத்தார் கோயில் கணக்கில் புள்ளி என்பது மணமான தம்பதியைக் குறிக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்தால்தான் முழுப் புள்ளி. ஒரு சுற்றை 25 புள்ளிக்கு ஆடும் இந்த ஆட்டத்துக்குப் ‘புள்ளி ஆட்டம்’ என்றே பெயர் வைத்தால் என்ன? இருபாலர், பலர்பால் என்ற சண்டையே வேண்டாமே.

காரைக்குடியிலிருந்து, விதித்தாள் தொகுப்பவர்:

ஆச்சி, அழகான எண்ணந்தான். ஆயினும் வருகிறவர்களில் பெரும்பாலோர் மணமாகாதவர்கள். அவர்கள் எவர் கணக்கிலும் இன்னும் புள்ளியாகவில்லை. பெயரை இருபாலர் கைப்பந்து என்றே விடுகிறேன். மறுமொழி எழுதியோருள் பெரும்பாலோர் எடுப்பை ஏற்றிருப்பதால், விதியை இவ்வாறு அச்சுக்குக் கொடுக்கிறேன்: ‘ஓர் அணி ஒன்றுக்கு மேற்பட்ட எடுப்புகளில் பந்தை எதிர்ப்பக்கம் அனுப்புமானால், அவற்றுள் ஓர் எடுப்பேனும் வீராங்கனை ஒருவருடையதாக இருத்தல் வேண்டும். ஒரே எடுப்பில் அனுப்பினால், அனுப்பியவர் ஆணாயினும் தவறில்லை. தடுப்பு எடுப்பாகாது.’

தேவகோட்டையிலிருந்து, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆயினும் உடன்படவும் இல்லை. தாழ வரும் பந்தை வாங்குவது எடுப்பு, மேலே எழும்பி அறைவது அடி என்று களத்தில் பிரித்துப் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். மூன்றாவது பந்தைப் பெண்ணொருத்தி ஓங்கி அடித்துப் புள்ளி பெற்றால், எதிரணி ‘அவள் அடித்தாள், எடுக்கவில்லை’ என்று வழக்குக்கு வரும். தொடுகைக்குச் சொன்ன குறை எடுப்புக்கும் அப்படியே பொருந்துகிறது. என் சொல்லை ஏற்காவிட்டாலும், அச்சுக்குக் கொடுக்குமுன் ‘அடியும் எடுப்பே’ என்ற ஒரு வரியையாவது சேர்த்துவிடுங்கள்.

காரைக்குடியிலிருந்து, விதித்தாள் தொகுப்பவர்:

சேர்த்துவிட்டேன், ஐயா. தலைப்பு ‘மகளிர் எடுப்பு விதி’.

தேவகோட்டையிலிருந்து, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

மகளிரை எடுப்பதா, மகளிர் எடுப்பதா? ‘மகளிரின் எடுப்பு’ என்று விரித்து அச்சிடுங்கள்.