மட்டக்குளி: வீட்டு வாசலில் நிற்கும் நாகு கன்று, கழுத்துக் கயிறு தசைக்குள் இறங்கியிருக்கிறது. என்ன செய்யலாம்?

கேட்பவர்: மட்டக்குளி வாசி

வணக்கம். காக்கைதீவுக் கடற்கரைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு சிறிய ஒழுங்கையில் நாங்கள் குடியிருக்கிறோம். ஒன்றரை வயது மதிக்கத்தக்க செந்நிற நாகு கன்று ஒன்று நேற்று மாலை முதல் எங்கள் மதிலோரத்திலேயே நிற்கிறது. இப்பகுதியில் மாடுகள் உலாவுவது புதிதல்ல. களனி கங்கைக் கரையோரம் மேய்ந்துவிட்டுப் பொழுதுபட்டதும் தாமாகவே பட்டிக்குத் திரும்பும் மாடுகளை அடிக்கடி காண்கிறோம். இக்கன்று அவற்றோடு சேர்ந்து வந்ததல்ல. இரவிலும் எங்கும் போகவில்லை. தெருநாய்கள் குரைத்துத் துரத்தியபோது பிரதான வீதிப் பக்கம் ஓட முற்பட்டது. துறைமுகத்து லொறிகள் போகும் வீதி என்பதால் அதனை மெல்ல மறித்து எங்கள் வளவுக்குள் விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறோம்.

என்னை வருத்துவது அதன் கழுத்து. கன்றாக இருந்தபோது கட்டிய நைலோன் கயிற்றை, அது வளர வளர எவரும் தளர்த்தவில்லை போலும். கயிறு இப்போது தோலைக் கிழித்துத் தசைக்குள் இறங்கியிருக்கிறது. புண்ணில் இலையான் மொய்க்கிறது, ஓரிடத்தில் புழுவும் தெரிகிறது. இடது காதில் இலக்கத் தோடு இருந்து கிழிந்தது போல ஒரு பிளவு உண்டு, தோடு இல்லை.

கயிற்றை நாங்களே வெட்டி எடுக்கலாமா? அயலவர்கள் அன்போடு சோறும் பாணும் கொண்டுவருகிறார்கள்; கொடுக்கலாமா? கிளிநொச்சியில் பால்மாடுகள் வளர்க்கும் என் கணவரின் தமையனார், லொறியில் ஏற்றிவிட்டால் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். மாநகர சபைக்கு அறிவித்தால் கன்று இறுதியில் இறைச்சிக்குப் போய்விடுமோ என்ற அச்சமும் எனக்கு இருக்கிறது. அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை வைத்தியர்

மகள், அதனை வீதியிலிருந்து அகற்றி வளவுக்குள் விட்டதே முதலில் செய்யவேண்டிய காரியம், அதைச் செய்துவிட்டீர்கள். இனி அவசரப்படாமல் செய்யவேண்டியவற்றைச் சொல்கிறேன்.

தசைக்குள் புதைந்த கயிற்றை நீங்கள் வெட்டவோ இழுக்கவோ வேண்டாம். மூச்சுக்குழாயின் இரு மருங்கிலும் பெரிய இரத்த நாளங்கள் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன. வலியில் கன்று ஒருமுறை தலையை உதறினாலே கத்தி எங்கு போகும் என்று சொல்ல முடியாது. நாட்பட்ட புண்ணில் கயிற்றின் மேல் புதுத் தசை வளர்ந்து மூடியிருக்கவும் கூடும். கால்நடை வைத்தியர் மயக்கமருந்தோ மரத்துப்போகும் ஊசியோ போட்டே அதனை எடுப்பார். புழுக்களை அகற்றி, உள்ளே எஞ்சியவற்றுக்கும் மருந்து ஏற்றுவார். நீங்கள் செய்யக்கூடியது, தொங்கும் மிச்சக் கயிறு எதிலும் சிக்காதபடி அதைக் குட்டையாக நறுக்குவது மட்டுமே. அதுவும் கன்று அமைதியாக நின்றால்தான். அந்தக் கயிற்றிலேயே பிடித்துக் கட்டிவிடாதீர்கள். வளவு அடைப்பாக இருந்தால் கட்டாமல் விடுவதே நல்லது.

புழுவைக் கொல்வதற்காக மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஒயில், வெளிற்றும் திரவம் ஆகியவற்றை ஊற்றும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. இவை புழுவைக் கொல்வதைவிட உயிருள்ள தசையையே அதிகம் எரிக்கும். கொதித்து ஆறிய ஒரு லீற்றர் நீரில் இரண்டு மட்டத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, கன்று இடம்கொடுத்தால் புண்ணின் மேல் மெதுவாக வார்க்கலாம். புதிய இலையான்கள் அணுகாதபடி புண்ணுக்குள் அல்லாமல், அதனைச் சுற்றியுள்ள நல்ல தோலில் வேப்பெண்ணெய் தடவலாம்.

சோறும் பாணும் கூடவே கூடாது. இதை அயலவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள், ஏனெனில் அன்பினாலேயே சாகடிக்கப்பட்ட மாடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாட்டின் முதல் இரைப்பை, நாரை மெல்லப் புளிக்கவைத்துச் செரிக்கும் நுண்ணுயிர்கள் வாழும் இடம்; அங்கே அமில காரநிலை சாதாரணமாக 6 முதல் 7 வரை இருக்கும். பழக்கமில்லாத மாட்டுக்கு ஒரு பெரிய சட்டி சோற்றைக் கொடுத்தால், மாச்சத்து விரைவாகப் புளித்து இலக்ரிக் அமிலம் பெருகி, அந்த அளவு 5.5க்குக் கீழே இறங்கிவிடும். மாடு அசைபோடுவதை நிறுத்தும், கழிச்சல் காணும், தள்ளாடும். கவனிக்காவிட்டால் ஓரிரு நாளில் இறந்தும் போகலாம். எனவே முதலில் நிழலும் சுத்தமான நீரும் வேண்டும். அடுத்ததாகப் புல், வைக்கோல், பலா இலை, சற்று வாடிய கிளிசரியாக் கொப்பு போன்றவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வளவில் அலரி நிற்கிறதா என்றும் பாருங்கள். அழகுக்காகப் பல வீடுகளில் அதை வைத்திருக்கிறார்கள். சில இலைகளே ஒரு கன்றின் இதயத்தை நிறுத்தப் போதும். பொலித்தீன் பைகளையும் பொறுக்கி அகற்றிவிடுங்கள்.

கன்று படுத்து நிதானமாக அசைபோட்டால் பெரும்பாலும் கவலையில்லை. இடது விலாப்புறம் மத்தளம் போல உப்பினால் அது அவசரம், இரவானாலும் வைத்தியரைத் தேடுங்கள். தோலில் கழலைகள் தெரிந்தால் கட்டாயம் சொல்லுங்கள். 2020இல் வடக்கில் முதலில் கண்டறியப்பட்ட மாட்டுத் தோல் கழலை நோய் மனிதருக்குத் தொற்றாது, ஆனால் இலையானாலும் நுளம்பாலும் அயலிலுள்ள மாடுகளுக்குப் பரவும்.

இறுதியாக ஒன்று. நாய்கள் துரத்தின என்று எழுதியிருக்கிறீர்கள். விசர் நோய் கண்ட மாடு எச்சில் வடிக்கும், குரல் கம்மிக் கத்தும், விழுங்க முடியாமல் தவிக்கும். தொண்டையில் ஏதோ சிக்கியதென்று எண்ணிக் கையை வாய்க்குள் விட்டவர்கள் ஆபத்தில் மாட்டியிருக்கிறார்கள். எக்காரணம் கொண்டும் வாயில் கைவைக்காதீர்கள். எச்சில் உங்கள் கைக் காயத்தில் பட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பதில்: கொட்டாஞ்சேனைச் சட்டத்தரணி

வைத்தியர் ஐயா சொன்னவற்றோடு, சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சகோதரி, தயவுசெய்து கன்றை லொறியில் ஏற்றாதீர்கள். 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின் கீழ் மாடுகளைக் கொண்டுசெல்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைப் பெறுவதற்கு உரிமையைக் காட்டவேண்டும், உங்களிடமோ உரிமை இல்லை. கிளிநொச்சிக்குப் போகும் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதையில் ஏதாவதொரு சோதனைச் சாவடியில் மறித்தால், நல்லெண்ணத்தோடு புறப்பட்ட உங்கள் மைத்துனர் மாட்டுத் திருட்டுச் சந்தேகத்தில் பொலிஸ் நிலையத்தில் இருக்கவேண்டி வரும். தொற்று நோயுள்ள கன்றாக இருந்தால் அவருடைய பால்மாடுகளுக்கும் கேடு. உரிமையாளரைத் தேட முயலாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வதும், தண்டனைச் சட்டக்கோவையின்படி நேர்மையீனமான கையாடல் என்ற குற்றச்சாட்டுக்கு இடம் கொடுக்கக் கூடியது.

ஆகவே இன்றே உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதியுங்கள். எங்கே, எப்போது கண்டீர்கள், நிறம், காதுப் பிளவு, கழுத்துப் புண் ஆகிய அனைத்தையும் எழுதச் செய்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இரு பக்கத்திலிருந்தும், தலைப்புறத்திலிருந்தும் படம் எடுத்து வையுங்கள். புண்ணைத் தெளிவாகக் காட்டும் படம் மிக முக்கியம், ஏனெனில் அதை நீங்கள் உண்டாக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அடுத்து, கொழும்பு மாநகர சபையின் கால்நடை மருத்துவப் பிரிவுக்கும் உங்கள் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள்.

இறைச்சிக்குப் போய்விடும் என்ற உங்கள் அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. கட்டாக்காலியாகப் பிடிக்கப்பட்ட மாட்டை எவரும் கேட்டு வராவிட்டால் ஏலத்துக்கு விடுவது வழக்கம்தான். ஆனால் மாட்டை அறுப்பதற்கு அனுமதி வேண்டும் என்பதும் சட்டமே. கன்றை ஒப்படைக்கும்போது, உரிமையாளர் வராதவிடத்து முறைப்படி பொறுப்பேற்க உங்கள் மைத்துனர் ஆயத்தமாக இருக்கிறார் என்று எழுத்தில் கொடுத்து, அதன் பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். அந்தக் கடிதம் வாய்வார்த்தையைவிட வெகுதூரம் போகும். அப்போது லொறியும் அனுமதியோடு போகும்.

மட்டக்குளி வாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முறைப்பாடு பதிந்தாகிவிட்டது, நாளைக் காலை கால்நடை வைத்திய அதிகாரி வந்து கயிற்றை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கன்று நீர் குடித்து, பலா இலை தின்று, மதிய வெயிலில் மாமர நிழலில் படுத்து அசைபோட்டது.

புதிய சிக்கல் ஒன்று வந்திருக்கிறது. பொழுதுபட்ட நேரத்தில் இருவர் வந்து, கன்று தங்களுடையது, இப்போதே கொண்டுபோக வேண்டும் என்றார்கள். பத்திரம் எதுவும் காட்டவில்லை. நாளை வருமாறு சொல்லியனுப்பினோம், கோபத்தோடு போனார்கள். உண்மையான உரிமையாளராக இருந்தால் அவர்களுக்கு அநியாயம் செய்தவர்களாவோமே என்றும் மனம் உறுத்துகிறது. எப்படி அறிவது?

பதில்: வத்தளையில் மாடு வளர்ப்பவர்

தங்கச்சி, நீங்கள் மறுத்தது அநியாயமல்ல. மாட்டைத் தேடி வந்தவன் அது கிடைத்ததே என்று முதலில் மகிழ்வான், கழுத்தைப் பார்த்துத் தலைகுனிவான். நாளை வரை பொறுக்கச் சொன்னதற்குக் கோபிப்பவனைச் சற்று விலகி நின்று பார்ப்பதில் தவறில்லை. ஆனாலும் கயிற்றைக் கவனியாத ஏழை மாட்டுக்காரரும் உண்டு, அவர் பொய்யர் என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிடாதீர்கள்.

நாளை அவர்கள் வரும்போது வைத்திய அதிகாரியும் முறைப்பாட்டுப் பிரதியும் அங்கே இருக்கட்டும். கன்றை வீட்டின் பின்புறத்துக்கு மாற்றி, அவர்கள் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். எந்தக் காதில் பிளவு, உடம்பில் குறி சுட்டிருக்கிறதா, எங்கே, கொம்பு முளைத்த விதம், வாலின் நுனி மயிர் என்ன நிறம் என்று முதலில் அவர்கள் வாயாலேயே சொல்லவிடுங்கள். அன்றாடம் கட்டி அவிழ்த்தவனுக்கு இவை யோசிக்காமலே வரும். கன்று எப்போது பிறந்தது என்றும் கேளுங்கள். ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் பாற்பல் விழுந்து முதற்சோடிப் பல் வரும். அவர்கள் சொல்லும் வயது பொருந்துகிறதா என்று வைத்தியர் வாயைப் பார்த்துச் சொல்லிவிடுவார். மிஞ்சியிருக்கும் கயிற்று நுனியை எறிந்துவிடாமல் எடுத்துவையுங்கள். நைந்து அறுந்திருந்தால் கன்று தானாகப் பிய்த்துக்கொண்டு வந்தது. நேராக வெட்டுப்பட்டிருந்தால் யாரோ ஒருவருடைய கட்டையிலிருந்து அதனை அறுத்துக்கொண்டு வந்திருக்கலாம், அதைப் பொலிஸாருக்குச் சொல்லவேண்டும். பெயர் சொல்லி அழைத்ததும் கன்று ஓடி வருவதை மட்டும் சாட்சியாக எடுக்காதீர்கள். பசித்த கன்று தவிட்டு வாளியைக் கண்டால் எவரிடமும் ஓடும்.

கால்நடை அலுவலகத்தில் மாட்டைப் பதிந்திருந்தால் தோட்டு இலக்கம் அங்கே இருக்கும். பத்திரம் இல்லாதவராக இருந்தாலும், அயலில் பால் எடுப்பவர்களும் அவருடைய கிராம அலுவலரும் உறுதிப்படுத்தலாம். எப்படியானாலும் கன்றை உங்கள் கையால் நேரடியாகக் கொடுக்காதீர்கள். பொலிஸ் பதிவேட்டில் அவர் கையொப்பமிட்டபின் கொடுங்கள். புண் ஆறும் வரை மருந்து கட்டுவதாகவும், கழுத்துக்குப் பதிலாக முகக்கயிறு போடுவதாகவும் அந்தப் பதிவிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை வைத்தியர்

வத்தளைத் தம்பி சொன்னது அத்தனையும் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: கயிற்றை எடுத்த பின்னர் கன்றுக்கு மயக்கம் முழுவதும் தெளிந்து, எழுந்து நின்று நீர் குடிக்கும் வரை உரிமையாளரானாலும் ஏற்றிச்செல்ல விடாதீர்கள். அரைமயக்கத்தில் லொறியில் சாய்ந்து படுத்த மாட்டுக்கு வயிறு உப்பியோ, இரைப்பை நீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கியோ உயிர் போகக்கூடும். எப்போது ஏற்றலாம் என்பதை அங்கு வரும் வைத்திய அதிகாரியே தீர்மானிக்கட்டும். அவர் சொல்லும் வரை கதவைத் திறக்கவேண்டாம்.