பள்ளி நூலகத்தில் பார்கோடும் எக்செலும் கோஹாவும்: எது எடுபடுகிறது, எங்கே இடறுகிறது

நூலகப் பொறுப்பு ஆசிரியர், உயர்நிலைப் பள்ளி

சுமார் 3,000 புத்தகம், ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், வகுப்புக்கு வாரம் ஒரு நூலகப் பாடவேளை. இந்த அளவு நூலகத்துக்கு மட்டும் பொருந்துகிற விஷயங்களை எழுதுகிறேன்.

எந்த சாஃப்ட்வேர், எக்செலா, கோஹா என்ற நூலக மென்பொருளா என்று எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அது கடைசியாக முடிவு செய்ய வேண்டியது. முதல் வேலை ஆக்சஷன் எண், அதாவது புத்தகம் வந்ததும் பதிவேட்டில் அதற்குத் தரும் எண். ஒவ்வொரு பிரதிக்கும் ஒரே ஒரு எண், ஒரு எண்ணுக்கு ஒரே ஒரு பிரதி. ஒரே கதைப் புத்தகம் ஐந்து பிரதி வந்திருந்தால் ஐந்து எண். பழைய பதிவேட்டில் 'எண் 412, ஐந்து பிரதிகள்' என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். அதை முதலில் பிரித்து எழுதாவிட்டால் பிறகு எந்த மென்பொருளிலும் கணக்கு நேராகாது.

பழைய எண்ணை மாற்றாதீர்கள், அதன்மேல் 1,00,000 கூட்டிக்கொள்ளுங்கள். பதிவேட்டில் 347 என்றால் பார்கோடில் 100347. மாணவருக்கு 2,00,000 உடன் பள்ளிச் சேர்க்கை எண். கல்வித் துறை மாணவருக்குத் தரும் எமிஸ் எண் நீளமானது, பார்கோடும் நீண்டுவிடும். சேர்க்கை எண்ணோ பிள்ளை பள்ளியில் இருக்கும் வரை மாறாது. இதில் இரண்டு லாபம். 1-இல் தொடங்கினால் புத்தகம், 2-இல் தொடங்கினால் பிள்ளை என்று பார்த்ததும் தெரியும். முன்னால் சைபர் வராததால் எக்செல் அதை விழுங்கிவிடும் தொல்லையும் இல்லை.

பிள்ளைகளுக்குத் தனித்தனி அட்டை வேண்டாம். பாதிப் பேர் மறந்துவிட்டு வருவார்கள். ஒரு வகுப்புக்கு ஒரு ஏ4 தாள், அதில் பெயரும் பக்கத்தில் பார்கோடும். கிளிப் பலகையில் செருகி மேசையில் வைத்தால் போதும். பிள்ளை பெயர் சொன்னதும் ஸ்கேனரால் தாளில் ஒரு பீப், புத்தகத்தில் ஒரு பீப்.

நேரக் கணக்கையும் பாருங்கள். வழங்கல் பதிவேட்டில் கையால் எழுதினால், திரும்ப வாங்குவதும் சேர்த்து ஆளுக்கு ஒரு நிமிடம். 40 பிள்ளைக்கு 40 நிமிடம், அதாவது பாடவேளை முழுக்க வரிசையிலேயே போகிறது. ஸ்கேன் செய்தால் ஆளுக்கு 12 விநாடி, எட்டு நிமிடத்தில் முடியும். மிச்சம் 32 நிமிடம் படிக்க. நூலகத்துக்குள் வரும் எந்தக் கருவியையும் நான் இந்த 32 நிமிடத்தை வைத்துத்தான் எடைபோடுவேன்.

கணினிப் பயிற்றுநர், மேல்நிலைப் பள்ளி

லேபிள் பற்றி, டீச்சர் சொன்னதோடு சேர்த்து.

ஏ4-இல் 65 லேபிள் வரும் தாள் ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும். ஒன்று 38.1 × 21.2 மில்லிமீட்டர், குறுக்கே 5, நெடுக்கே 13. 3,000 புத்தகத்துக்கு 47 தாள். பார்கோடு வகைகளில் கோட் 39 என்றால் எழுத்துரு நிறுவி, எண்ணின் முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டாலே கோடு வந்துவிடும். ஆனால் ஆறு இலக்கத்துக்கு சுமார் 128 அலகு (ஓர் அலகு என்பது மிக மெல்லிய கோட்டின் அகலம்) பிடிக்கும். இந்த லேபிளில் அது இழுத்துப் பிடித்துத்தான் உட்காரும். ஓரத்து வெள்ளை இடம் குறைந்தால் ஸ்கேனர் திணறும். கோட் 128 என்ற இன்னொரு வகையில் அதே ஆறு இலக்கம் 68 அலகில் அடங்கிவிடும், ஏனென்றால் அது இலக்கங்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக் குறிக்கும். அதற்கு வெறும் எழுத்துரு போதாது, சரிபார்ப்புக் குறி ஒன்றையும் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். ஜீலேபிள்ஸ் என்ற இலவச மென்பொருள் எக்செலிலிருந்து எடுத்த சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரை) கோப்பைப் படித்து மொத்தமாகச் செய்துவிடும். பள்ளி மடிக்கணினிகளில் இருக்கும் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் டெபியன் லினக்ஸ் வழி வந்தது என்பதால் அதிலும் ஓடும்.

அச்சடிக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' எடுத்துவிட்டு 100 சதவீதம் வையுங்கள். 97 சதவீதம் ஆகிவிட்டால்கூட 13 வரிசையில் சேர்ந்து சேர்ந்து 8 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். கடைசி வரிசைக் கோடுகள் லேபிளின் வெட்டு மேலேயே விழும். முதலில் சாதாரணத் தாளில் அடித்து, லேபிள் தாளோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

லேசர் பிரிண்டரில்தான் அடிக்க வேண்டும். இங்க்ஜெட் மை ஈரக்கை பட்டால் கரையும். பில் போடும் மெஷின் போன்ற வெப்பத்தாள் லேபிள் சில மாதங்களில் வெளுத்துப் போகும். ரிப்பன் போட்டு அடிக்கும் வகை நிலைக்கும், ஆனால் ஒரு பள்ளிக்கு அது தேவையில்லை.

ஒட்டும் இடம் பின்னட்டை, மேல் மூலை. முதுகின் வளைவில் ஒட்டினால் ஸ்கேனர் படிக்காது. அதே எண்ணை உள்ளே தலைப்புப் பக்கத்திலும் கையால் எழுதுங்கள், ஏனென்றால் பிள்ளைகள் கையில் முதலில் கழன்று போவது அட்டைதான். லேபிள் மேல் டேப் ஒட்டினால் பளபளப்பில் ஒளி திரும்பி அடிக்கும். ஸ்கேனரை நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் படித்துவிடும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைச் சிறு நூல்களுக்கு முதுகே கிடையாது. சில பக்கம், நடுவில் பின். அலமாரியில் நிற்க வைத்தால் எது எங்கே என்றே தெரிவதில்லை. என்ன செய்கிறீர்கள்?

நூலகப் பொறுப்பு ஆசிரியர், உயர்நிலைப் பள்ளி

நிற்க வைக்காதீர்கள் சார். முகப்பு தெரியும்படி கயிற்றில் தொங்கவிடலாம், இல்லையென்றால் நிலைக்கு ஒரு பிளாஸ்டிக் கூடை. ஒவ்வொரு கூடைக்கும் ஒரு நிறம், நூலின் முன்னட்டை மூலையில் அதே நிறப் பொட்டு. திருப்பி அடுக்கும் வேலையை இரண்டாம் வகுப்புப் பிள்ளையே செய்துவிடும்.

பெரிய பிள்ளைகளுக்கும் நிறம்தான் உதவும். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டியூயி முறைப்படி எண் போடுங்கள் என்பார்கள். தமிழ் இலக்கியத்துக்கு அதில் இருப்பது 894.811, அதில் கதைக்கு 894.8113. நம் பள்ளி நூலகத்தில் பெரும்பாலானவை கதையும் பாட்டும்தான். முக்கால்வாசி அலமாரிக்கு ஒரே எண் விழுந்தால் பிள்ளை அதை வைத்து எதைத் தேடும்? எண்ணை அட்டவணையில் ஒரு பத்தியாக (நெடுவரிசையாக) வைத்துக்கொள்ளுங்கள். அலமாரிக்கு நிறமும் பொருளும் போதும்: விலங்கு, அறிவியல், வரலாறு, நாட்டுப்புறக் கதை, பாட்டு.

கணினிப் பயிற்றுநர், மேல்நிலைப் பள்ளி

ஸ்கேனர் வாங்கிய பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. யூஎஸ்பி ஸ்கேனர் கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டு மாதிரி. படித்ததைத் தட்டச்சு செய்து, கடைசியில் என்டர் தட்டும், அவ்வளவுதான். கோடில் எல், ஐ, பி என்று ஆங்கிலச் சின்ன எழுத்துகளை முன்னால் வைத்திருந்து, கம்ப்யூட்டரில் தமிழ்99 விசைப்பலகை ஓடிக்கொண்டிருந்தால் கட்டத்தில் 'தனங' என்று விழும். எல் விசையில் த, ஐ விசையில் ன, பி விசையில் ங. ஸ்கேனர் பழுது என்று கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பழுது ஒன்றுமில்லை. கோடில் இலக்கம் மட்டும் இருந்தால் இந்தச் சிக்கலே வராது. மேலே டீச்சர் சொன்ன ஆறு இலக்க முறை இதற்கும் சேர்த்துத்தான் நல்லது.

எக்செலில் மூன்று ஷீட் போதும்: புத்தகம், மாணவர், வழங்கல். வழங்கலில் தேதி, மாணவர் எண், புத்தக எண், திரும்பிய தேதி. பெயரும் தலைப்பும், எண்ணை வைத்து வேறு ஷீட்டில் தேடி எடுக்கும் விலுக்அப் சூத்திரம் வழியாகத் தானே வர வேண்டும். சூத்திரத்தின் நான்காவது இடத்தில் 0 போட மறந்தால் பக்கத்துப் பிள்ளையின் பெயரைக் காட்டும். எண் சரியாக இருந்தும் என்/ஏ என்ற பிழை வருகிறதென்றால், ஒரு ஷீட்டில் எண்ணாகவும் இன்னொன்றில் டெக்ஸ்டாகவும் இருக்கிறது என்று அர்த்தம். தட்டச்சு தொடங்கும் முன்பே இரண்டு ஷீட்டின் எண் பத்தியையும் டெக்ஸ்ட் ஆக்குங்கள். ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் சர்வதேச எண்) பத்திக்கும் அதுவே. இல்லாவிட்டால் 13 இலக்கம் 9.78 என்று சுருங்கி நிற்கும். 2007-க்கு முந்தைய புத்தகங்களில் 10 இலக்கம்தான் இருக்கும், கடைசி இடத்தில் எக்ஸ் என்ற எழுத்துகூட வரலாம்.

திரும்பி வந்த புத்தகத்தை ஸ்கேன் செய்யாமல் அலமாரியில் வைத்துவிடுவது தினம் நடக்கும். அடுத்த வாரம் அதே புத்தகம் வேறு பிள்ளைக்குப் போகும், இரண்டு பேர் தலையிலும் கடன் நிற்கும். எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் கவுண்ட்இஃப்ஸ் சூத்திரம் போட்டு, திரும்பிய தேதி காலியாக இருக்கும் வரிகளில் ஒரே புத்தக எண் இரண்டு முறை வந்தால் சிவப்பாக்குங்கள். அந்தக் கணமே பிடித்துவிடலாம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் புத்தகம் தொலைத்ததாக ஒரு பிள்ளை மேல் வீணாகப் பழி விழும்.

ஓய்வுபெற்ற பொது நூலகர்

தலைப்பும் ஆசிரியர் பெயரும் உள்ளிடுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தேடினால் கிடைக்காமல் போவதற்குப் பாதிக் காரணம் அங்கேதான்.

'அழ. வள்ளியப்பா' என்று இடம் விட்டு ஒருவர் அடிக்கிறார், 'அழ.வள்ளியப்பா' என்று ஒட்டி இன்னொருவர். கம்ப்யூட்டருக்கு இருவரும் வேறு ஆள். கல்கி, கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, ரா. கிருஷ்ணமூர்த்தி என்று ஒருவரே மூன்று இடத்தில் கிடப்பார். வாண்டுமாமாவும் கௌசிகனும் ஒருவர்தான் என்று தெரிந்தவர் உட்கார்ந்து சேர்க்க வேண்டும். ஆசிரியர் பெயருக்குத் தனிப் பட்டியல் ஒன்று வைத்து, அதிலிருந்து தேர்ந்தெடுக்க மட்டும் விடுங்கள். புதுப் பெயர் சேர்க்கும் பொறுப்பு ஒருவருக்கு மட்டும்.

எழுத்துப் பிழையில் கண்ணுக்குத் தெரியாதவைதான் ஆபத்து. 'பாரதியார்' என்பதை 'பாரதியாா்' என்று அடித்துவிடுகிறார்கள். ர் வர வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும். பழைய எழுத்துருவில் இரண்டும் ஒரே உருவம் என்பதால் வந்த பழக்கம் இது. துணைக்காலின் மேல் புள்ளி தமிழில் வரவே வராது, ஆகவே கோப்பு முழுக்க ஒரே மூச்சில் மாற்றிவிடலாம். ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக அடித்த 'கொ'-வையும் அப்படியே மாற்றலாம். ஆனால் 'கெளசிகன்' என்று ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக அடித்ததை மொத்தமாக மாற்றக் கூடாது. வெள்ளி, வெள்ளம் எல்லாம் சிதைந்துவிடும். அதை ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

பழைய பட்டியல் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றியபின் இந்தத் திருத்தத்தைச் செய்யுங்கள், முன்பு அல்ல.

அகரவரிசையையும் கவனியுங்கள். நமக்கு ய ர ல வ ழ ள ற ன. யூனிகோடு எண் வரிசையில் ய ர ற ல ள ழ வ, னகரம் நகரத்துக்கு அடுத்தே வந்துவிடும். லிப்ரே ஆபீஸில் வரிசைப்படுத்தும்போது ஆப்ஷன்ஸில் மொழியைத் தமிழ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்

ஐயா, 3,000 தலைப்பையும் தட்டச்சு செய்ய ஆள் இல்லை. போனில் பேசி எழுத வைக்கலாமா?

ஓய்வுபெற்ற பொது நூலகர்

தலைப்புக்கு வைக்கலாம், நன்றாகவே வரும். ஆசிரியர் முன்னெழுத்துகளில்தான் தவறும், அவற்றைக் கையால் அடியுங்கள். அட்டையைப் பார்க்காமல் தலைப்புப் பக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அட்டையில் அழகுக்காகத் தலைப்பைச் சுருக்கியிருப்பார்கள். ஒருவர் சொல்ல, இன்னொருவர் திரையில் சரிபார்க்க வேண்டும். தனி ஆளாகச் செய்தால் பிழை தங்கிவிடும்.

கணினிப் பயிற்றுநர், மேல்நிலைப் பள்ளி

கோஹா போடலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். அது நியூசிலாந்தில் ஒரு வட்டார நூலகத்துக்காக 1999-இல் எழுதத் தொடங்கி, 2000 தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள். நல்ல மென்பொருள், எனக்குப் பிடித்தமானது. ஆனால் டெபியன் அல்லது உபுண்டு இயங்குதளம், தரவுத்தளம், வெப்சர்வர் எல்லாம் கவனிக்க ஒருவர் நிரந்தரமாக வேண்டும். ஒரே மேசையும் 3,000 புத்தகமும் என்றால் எக்செலே போதும். மேசை இரண்டாகி, பிள்ளைகள் தாங்களே தேட வேண்டும் என்ற நிலை வந்தால் கோஹா போடுங்கள்.

போட்டால் ஒன்று மறக்காதீர்கள். நிறுவியபடியே விட்டால் தமிழ்த் தேடல் சரியாக வேலை செய்யாது. கோஹாவின் தேடல் பகுதியான ஜீப்ராவின் டிஃபால்ட் டாட் ஐடிஎக்ஸ் கோப்பில் சார்மேப் வரிகளை எடுத்துவிட்டு, பல மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியூ வரிகளைப் போட்டு, தேடல் அட்டவணையை முழுதாக மறுபடி கட்ட வேண்டும். புத்தகம் உள்ளிட்டிருக்கும், திரையில் தெரியும், தேடினால் மட்டும் வராது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ரேடியோ அலையில் படிக்கும் ஆர்எஃப்ஐடி சில்லு வேண்டாம். புத்தகத்துக்கு ஒரு சில்லு, அதற்குத் தனி ரீடர், தவிர நம் பள்ளிகளில் புத்தகம் இருப்பது இரும்பு பீரோவில். உலோகத்தின் அருகில் சில்லு ஒழுங்காகப் படிக்காது. சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் நூலக மானியம், பள்ளி எந்த வகுப்பு வரை என்பதைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய். அதைச் சில்லுக்குக் கொடுத்துவிட்டால் புத்தகத்துக்கு எங்கே போவது?

நூலகப் பொறுப்பு ஆசிரியர், உயர்நிலைப் பள்ளி

ஆண்டு இருப்புச் சரிபார்ப்பையும் சொல்லிவிடுகிறேன். புது ஷீட்டைத் திறந்து, அலமாரி அலமாரியாக எல்லாப் புத்தகத்தையும் ஒரே பத்தியில் ஸ்கேன் செய்துகொண்டே போங்கள். புத்தகத்துக்கு ஐந்து விநாடி, 3,000-க்கு நாலு மணி பத்து நிமிடம். பிறகு புத்தக ஷீட்டில் கவுண்ட்இஃப் போட்டால் 0 வருபவை அலமாரியில் இல்லாதவை. அதில் வெளியே வழங்கியிருப்பதைக் கழித்தால் மிச்சம் காணாதவை. 2 வந்தால் ஒரே லேபிள் இரண்டு புத்தகத்தில் ஒட்டியிருக்கலாம், அல்லது கை தவறி இருமுறை ஸ்கேன் ஆகியிருக்கலாம். புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எக்செல் வந்துவிட்டதென்று ஆக்சஷன் பதிவேட்டை நிறுத்திவிடாதீர்கள். தணிக்கையில் கேட்பது பக்க எண் போட்ட, தலைமையாசிரியர் கையெழுத்துள்ள பதிவேட்டைத்தான். புதுப் புத்தகம் வந்தால் முதலில் பதிவேடு, பிறகு கம்ப்யூட்டர்.

கடைசியாக, ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வு. எல்லாம் தெரிந்த ஒருவர் வேறு பள்ளிக்குப் போனதும் ஸ்கேனர் டிராயருக்குள் போய்விடும், பழைய நோட்டு வெளியே வரும். இதைத் தடுக்க நான்கு விஷயம். பாஸ்வேர்டை எழுதி உறையில் போட்டு ஒட்டித் தலைமையாசிரியர் பீரோவில் வையுங்கள். வெள்ளிதோறும் கோப்பை ஒரு பென்டிரைவில் எடுத்து, அந்த வாரத் தேதியையே கோப்பின் பெயராக வையுங்கள். வழங்குவது, திரும்ப வாங்குவது, புதுப் புத்தகம் சேர்ப்பது மூன்றையும் ஒரே தாளில் எழுதி நூலக பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். எட்டாம் வகுப்பில் நான்கு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். அவர்கள் ஒன்பதுக்குப் போனதும் அடுத்த எட்டாம் வகுப்பில் நால்வரைப் பழக்குவது அவர்கள் பொறுப்பு.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு இல்லை டீச்சர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளால் முடியுமா?

நூலகப் பொறுப்பு ஆசிரியர், உயர்நிலைப் பள்ளி

முடியும். ஸ்கேன் செய்வதை மட்டும் அவர்களிடம் கொடுங்கள். வழங்கல் ஷீட்டைத் தவிர மற்ற இரண்டு ஷீட்டையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிடுங்கள்.