மறு: ‘கிராப்’ – பிரிண்ட் விற்கும் தளத்துக்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம். படத்தின் ஓரத்தை வெட்டி நீக்குவதைச் சொல்லும் ஆங்கில ‘கிராப்’புக்கு, பிரிண்ட் விற்கும் தளத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> ‘செதுக்கு’ என்று செல்பேசியிலேயே வந்துவிட்டது. அதையே வைத்துக்கொண்டால் போதாதா?

ஓசூர் அண்ணா கேட்டது நியாயமான கேள்விதான். படம் எடுத்தவர் வேண்டாத மின்கம்பத்தை ஒதுக்கிவிட்டுப் படத்தை ஒழுங்கு பண்ணும்போது ‘செதுக்கு’ நன்றாகவே பொருந்துகிறது. அங்கே ஒருவருடைய கண்ணும் கையும் வேலை செய்கின்றன. ஆனால் படங்களை அடுக்கிவைத்து பிரிண்ட் விற்கிற தளத்தில் நடப்பது வேறு. அங்கே யாரும் எதையும் செதுக்குவதில்லை. தாளின் நீள அகலமும் படத்தின் நீள அகலமும் ஒத்துப்போகாததால் ஓரம் தானாகப் போய்விடுகிறது. வாங்குகிறவருக்கு அது பார்சலைப் பிரிக்கும்போதுதான் தெரிகிறது.

எங்கள் தளத்தில் தருமபுரிப் பக்கத்து நடுகல் படம் ஒன்று இருக்கிறது. நடுவில் வில்லேந்திய வீரன், அவன் தலைக்கு மேல் வட்டெழுத்து வரிகள். கல்லை நெருக்கமாகப் பிடித்த படம் என்பதால் முதல் வரிக்கு மேல் இடமே இல்லை. கேமராவின் விகிதம் 3:2. படம் 4000-க்கு 6000 புள்ளிகள். 8-க்கு 12 அங்குலத் தாளில் முழுதாக வரும். ஒருவர், வீட்டில் ஃபிரேம் இருக்கிறதே என்று 8-க்கு 10 கேட்கிறார் என்று வையுங்கள். நீளத்தில் 2 அங்குலம் போயாக வேண்டும். மென்பொருள் படத்தை நடுவில் வைத்துக்கொண்டு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று எடுத்துவிடும். மொத்தப் படத்தில் ஆறில் ஒரு பங்கு! மேலே போன அந்த ஒரு அங்குலத்தில்தான் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் சொல்லும் தொடக்க வரி இருக்கிறது. அது இல்லாத நடுகல் படத்தை ஒருவர் காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒகேனக்கல் படத்தில் ஓரமாக வரும் பரிசலுக்கும் இதே கதிதான்.

அதனால் நமக்குச் சொல் வேண்டியது இந்த இழப்புக்கு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் புழங்குகிறது என்பதற்காக நாமும் ஒன்றோடு நிற்க வேண்டியதில்லை.

இதுவரை வந்தவற்றில் ‘வெட்டுப்பகுதி’ எதை வெட்டியது என்று சொல்லவில்லை. ‘சேதாரம்’ எல்லோருக்கும் தெரிந்த சொல், ஆனால் நகைக்கடை ஞாபகம் வந்து, இதற்கும் தனியாகக் காசு பிடிப்பார்களோ என்று வாங்குகிறவர் தயங்குவார். ‘ஓர இழப்பு’ பரவாயில்லை. வினையாக்கும்போதுதான் இடிக்கிறது: ‘ஓரம் இழக்கப்படும்’ என்று யாரும் பேசுவதில்லை.

நான் முன்வைப்பது ‘ஓரக்கழிவு’. வினையாக, ‘ஓரம் கழியும்’.

> கழிவு என்றாலே கழிவுநீர், குப்பை என்றுதானே தோன்றும்?

அம்மா, அந்த அச்சம் எனக்கும் இருந்தது. ஆனால் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் எடை போடும்போது ‘கழிவு போக இவ்வளவு’ என்கிறார்களே, அங்கே யாரும் சாக்கடையை நினைப்பதில்லை. மொத்தத்தில் இவ்வளவு கணக்கில் வராது, மீதிதான் உனக்கு என்று உடனே புரிகிறது. தாளுக்கும் படத்துக்கும் நடுவில் நடப்பதும் அதே கணக்குதான். முன்னால் ‘ஓரம்’ வந்துவிட்டால் குப்பை என்ற பொருளுக்கு இடமும் இல்லை.

தளத்தில் வைத்துப் பார்த்தேன். இணையக் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் மென்பொருளில் ஒவ்வொரு பிரிண்ட் அளவையும் தனி வகையாக வைத்து, பக்கத்தில் ஒரு வரி: ‘8×12: ஓரக்கழிவு இல்லை.’ ‘8×10: மேலும் கீழும் 1 அங்குலம் ஓரம் கழியும்.’ 5-க்கு 7 என்றால் நீளத்தில் மொத்தமே அரை அங்குலம்தான். செல்பேசிப் படம் பெரும்பாலும் 4:3 என்பதால் அதற்கு வேறு கணக்கு. 4-க்கு 6 தாளிலேயே அரை அங்குலம் கழிந்துவிடும். ஸ்டுடியோ வேலை தெரியாதவருக்கும் இந்த வரிகள் புரியும் என்று நம்புகிறேன்.

வெள்ளை விளிம்பு இல்லாமல் போடும்போது ஃபோட்டோ லேபில் இருக்கும் இயந்திரம் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, நான்கு பக்கமும் துளி வெளியே தள்ளுமே, அதற்கும் இதே சொல் போதும். அளவுதான் சிறியது.

இதோடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டிய பொத்தான்கள் இரண்டு. தாள் முழுக்கப் படம் வந்து ஓரம் கழிவதற்குத் ‘தாள் நிறைய’. ஓரம் கழியாமல், மீதித் தாள் வெள்ளையாக நிற்பதற்குப் ‘படம் முழுவதும்’. நடுகல் படங்களுக்கு இரண்டாவதையே முன்கூட்டித் தேர்ந்திருக்கும்படி வைக்க வேண்டும் என்பது என் கட்சி. திரையில் படத்தின் மேல் வரும் சட்டகத்தை நகர்த்தி எந்தப் பக்கம் கழியலாம் என்று வாங்குகிறவரே சொல்லும் இடத்தில் மட்டும் ‘செதுக்கு’ இருக்கட்டும், ஏனென்றால் அங்கே மறுபடியும் ஒருவர் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்.

‘பிரிண்ட்’ என்பதை ‘அச்சுப்படம்’ ஆக்கலாமா என்ற பேச்சைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். ‘ஓரக்கழிவு’க்கு மறுப்பு இருப்பவர்கள், வினையாகவும் ஓடுகிற இன்னொரு சொல்லோடு எழுதுங்கள். இல்லையென்றால் மொழிபெயர்ப்புக் கோப்பில் இதையே ஏற்றிவிடுகிறேன்.