மினசோட்டா 2012 திருமண வாக்கெடுப்பு: ‘ஆம்’ 47.4 சதவீதமா, 48.1 சதவீதமா?

கேள்வி – ஏட்டுக்கணக்கு
திருமணம் என்பது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைவது மட்டுமே என்று மாநில அரசமைப்பில் சேர்க்கலாமா என 2012 நவம்பர் 6 அன்று மினசோட்டா மக்களிடம் கேட்டார்கள். ‘ஆம்’ 47.44% என்று ஓர் அட்டவணை சொல்கிறது. வாக்குச்சாவடி வாரியான கோப்பைக் கூட்டினால் எனக்கு 48.1% வருகிறது. எங்கே தப்பு?

பதில் – வடக்குத்தெரு
கூட்டலில் தப்பில்லை, வகுக்கும் எண்தான் வேறு. ஆம் 13,99,916, இல்லை 15,10,434. இந்த இரண்டையும் மட்டும் கூட்டி, 29,10,350ஆல் வகுத்திருக்கிறீர்கள். மினசோட்டாவில் அந்தக் கணக்கு எடுபடாது. அன்றைய தேர்தலில் ஓட்டுப் போட்ட எல்லோரிலும் பாதிக்கு மேல் ‘ஆம்’ என்றிருக்க வேண்டும். 1898 முதல் அங்கே இதுதான் விதி. அதிபருக்கு ஓட்டுப் போட்டுவிட்டு இந்தக் கேள்வியைக் காலியாக விட்டவரும் ‘இல்லை’ பக்கமே சேருவார்.

கோப்பில் மொத்தம் வாக்களித்தோர் என்ற பத்தியை எடுங்கள்: 29,50,780. அதிலிருந்து ஆம், இல்லை இரண்டையும் கழித்தால் 40,430. இதுதான் காலி. கழித்துப் பெறும் எண் என்பதால் அதை ‘மதிப்பீடு’ என்றே குறிப்பார்கள். இரண்டு வட்டத்தையும் நிரப்பிய சீட்டும் இதற்குள்தான் விழும். இப்போது வகுத்தால் 47.44, 51.19, 1.37 என்று மூன்றும் சரியாக உட்காரும்.

இன்னொன்று: கவுண்டிகளின் (மாநிலத்துக்குள் உள்ள மாவட்டங்கள்) சதவீதங்களைக் கூட்டிச் சராசரி எடுத்துவிடாதீர்கள். பெரும்பாலான கவுண்டிகள் ‘ஆம்’ பக்கம். மினியாபொலிஸ் இருக்கும் ஹென்னபினும் செயின்ட் பால் இருக்கும் ராம்சியும் ‘இல்லை’ பக்கம். அவற்றின் மக்கள்தொகையை விட்டுவிட்டால் முடிவே தலைகீழாகத் தெரியும்.

பதில் – நீர்மட்டம்
காலிச் சீட்டுதான் திருத்தத்தைத் தோற்கடித்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. தேவைப்பட்டது 14,75,391. காலி 40,430 முழுவதையும் ‘ஆம்’ பக்கம் சேர்த்தாலும் 14,40,346தான். ‘இல்லை’ சொந்த பலத்திலேயே பாதியைத் தாண்டிவிட்டது.

மாநிலங்களை ஒப்பிடுவதானால் முதலில் அந்தந்த மாநில விதியைப் பாருங்கள். புளோரிடாவில் 60% வேண்டும். 2008இல் அங்கே இதே போன்ற திருமணத் திருத்தம் சுமார் 62% பெற்றுத்தான் நிறைவேறியது. கலிபோர்னியாவில் அந்தக் கேள்விக்குப் பதிவான ஆம்–இல்லையில் பாதிக்கு மேல் போதும். அதே 2008இல் ஒருபாலினத் திருமணத்தைத் தடுக்கும் எட்டாம் முன்மொழிவு (Proposition 8) 52.24% பெற்று நிறைவேறியது. ஹவாயிலும் காலிச் சீட்டு ‘இல்லை’ போலத்தான். அதனால் ஒப்பீட்டு அட்டவணையில் இரண்டு பத்திகள் வையுங்கள்: பதிவான ஆம்–இல்லையில் சதவீதம், விதிப்படியான சதவீதம். ஒரே பத்தியில் கலந்தால் படிப்பவரை ஏமாற்றுவதாகிவிடும்.

பதில் – வடக்குத்தெரு
அட்டவணைக்குக் கீழே ஒரு குறிப்பும் போடுங்கள். ‘இல்லை’ வென்றதால் ஒருபாலினத் திருமணம் அன்றே சட்டமாகிவிடவில்லை. அதைத் தடுத்த 1997ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருந்தது. 2013 மே மாதம் சட்டமன்றம் அதை மாற்ற, ஆளுநர் மார்க் டேட்டன் கையெழுத்திட்டார்; ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வாக்கெடுப்பு தடுத்தது, அந்தத் தடை அரசமைப்புக்குள் ஏறுவதை மட்டும்தான். இந்த வேறுபாடு பல தமிழ்க் கட்டுரைகளில் விடுபடுகிறது, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

பதில் – ஏட்டுக்கணக்கு
மொத்தம் வாக்களித்தோர் பத்தியைச் சேர்த்ததும் 47.44 வந்துவிட்டது. இரண்டு பத்தியாகவே வைக்கிறேன். மிக்க நன்றி.