அணுமின்சாரமா, சூரியனும் காற்றுமா: எந்தக் கணக்கைப் பார்ப்பது?

கேள்வி:
வணக்கம். நிலக்கரியைக் கைவிட்டாக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் இடத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்பதில்தான் தெளிவில்லை. சூரியத் தகடுகளின் விலை 2010-க்குப் பிறகு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சரிந்துவிட்ட நிலையில், கட்டி முடிக்கவே பல ஆண்டுகள் பிடிக்கும் அணுஉலைகளில் இன்னமும் ஏன் பணம் போட வேண்டும்?

பதில் 1:
நிறுவுதிறனை, அதாவது முழு அளவில் ஓடினால் தரக்கூடிய மின்திறனை, மட்டும் வைத்து விலையை ஒப்பிட்டால் கணக்குப் பிழைத்துவிடும். 1,000 மெகாவாட் அணுஉலை 90 விழுக்காடு அளவுக்கு ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 788 கோடி யூனிட் கிடைக்கும். அதே திறனுள்ள சூரியப் பூங்கா, 20 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 175 கோடி யூனிட் தரும். அந்தக் குறையைத் தகடுகளைக் கூட்டிச் சரிக்கட்டலாம். மாலை நேர உச்சத் தேவையைச் சமாளிக்க, நான்கு மணி நேரம் தாங்கும் பேட்டரிகளும் வந்துவிட்டன. ஆனால், குளிர்காலத்தில் வானம் மூடிக் காற்றும் ஓய்ந்து ஒரு வாரம் கழியுமானால், அவை போதமாட்டா.

பதில் 2:
காலமும் ஒரு செலவுதான். பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ மூன்றாம் உலையின் பணி 2005-இல் தொடங்கியது. 2009-இல் ஓடியிருக்க வேண்டிய அது, முறையான உற்பத்திக்கு வந்தது 2023-இல். பிரான்சின் ஃபிளமான்வில் மூன்றாம் உலை 2007-இல் தொடங்கி, 2024 டிசம்பரில்தான் மின்கட்டமைப்புடன் இணைந்தது. உலை வரும்வரை நிலக்கரியை எரிக்க நேர்ந்தால், அந்தப் புகையையும் உலையின் கணக்கில்தான் எழுத வேண்டும். கழிவு இன்னொரு கவலை: அதில் உள்ள கதிரியக்கப் பொருளான புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும்.

பதில் 3:
இங்கே இரண்டு கேள்விகள் கலந்துவிட்டன. புதிய உலை கட்டுவது வேறு. ஓடிக்கொண்டிருக்கும் உலையை மூடுவது வேறு. முதலாவதில் மேலே உள்ள நண்பரின் தயக்கம் எனக்கும் உண்டு. இரண்டாவதில் இல்லை. ஜெர்மனி 2023 ஏப்ரல் 15 அன்று தன் கடைசி மூன்று உலைகளை மூடியபோது அங்கே நிலக்கரி நிலையங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த வரிசை தலைகீழானது என்றே உறுதியாக நினைக்கிறேன். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2014-இல் தந்த இடைநிலை மதிப்பீட்டின்படி, கட்டுமானம், எரிபொருள் எல்லாம் சேர்த்து ஒரு யூனிட்டுக்கான வாழ்நாள் கரிம உமிழ்வு அணுமின்சாரத்துக்கு 12 கிராம், நிலக்கரிக்கு 820 கிராம். எதை முதலில் மூட வேண்டும் என்பதற்கு இந்த இடைவெளியே போதும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால், நாற்பது ஆண்டு கடந்த உலைகளையும் தொடர்ந்து ஓட்டலாமா?

பதில் 3:
ஒவ்வோர் உலையையும் தனித்தனியே சோதித்துத்தான் சொல்ல முடியும். குழாய்களையும் நீராவி உற்பத்திக் கலன்களையும் மாற்றலாம். நியூட்ரான் தாக்குதலால் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடைகிற அழுத்தக் கலனை, அதாவது எரிபொருளை உள்ளடக்கிய எஃகுக் கலனை, மாற்றுவது நடைமுறையில் இயலாது. ஆகவே, அதன் எஃகு தாங்கும்வரைதான் உலைக்கு ஆயுள்.