11 கட்டை மரம், கொஞ்சம் மண்: மைன்கிராஃப்ட்ல முதல் வீடு கட்ட இது போதுமா?

மொட்டைமாடி கேட்டது:

வணக்கம். எனக்கு வயசு 44. பையனோட லேப்டாப்ல மைன்கிராஃப்ட் (மண்ணு, மரம், கல்லுன்னு எல்லாத்தையும் பிளாக் பிளாக்கா உடைச்சு எடுத்து அடுக்கற விளையாட்டு) ஆட ஆரம்பிச்சு நாலு நாள் ஆகுது. ஜாவா எடிஷன் (கம்ப்யூட்டர் பதிப்பு), சர்வைவல் (சாகாம பிழைக்கணும்), கஷ்டம் நார்மல். இந்த நாலு நாள்ல மூணு தடவை செத்தாச்சு. மூணுமே ராத்திரி. அதுல ரெண்டு, வீடு கட்டிக்கிட்டு இருக்கும்போதே.

முதல் தடவை பொழுது சாயும்னே தெரியாது. ரெண்டாவது தடவை மண்ணாலேயே நாலு சுவர் எழுப்பி, அப்பாடான்னு உட்கார்ந்தேன். கூரை இல்ல. சிலந்தி சுவர் ஏறி உள்ள குதிச்சிடுச்சு. மூணாவதுதான் வயித்தெரிச்சல். 9×9ன்னு அளவு எடுத்து, 20 கட்டை வெட்டி, ஒரு பக்கச் சுவரை ரெண்டு வரிசை அடுக்கி முடிச்சேன். அதுக்குள்ள இருட்டிடுச்சு. பச்சையா ஒண்ணு பக்கத்துல வந்து நின்னு உஸ்ஸுன்னுச்சு, அவ்வளவுதான். நான் தடவித் தடவி வழி கண்டுபிடிச்சு அந்த இடத்துக்குத் திரும்பினப்போ, கையில இருந்து விழுந்த சாமான் எதையும் காணோம். 5 நிமிஷத்துல மறைஞ்சிடும்னு பையன் அப்புறம்தான் சொல்றான். இதை முன்னாடியே சொன்னா என்ன?

அவன்கிட்ட உதவி கேட்டா, "முத நாள் யாரும் வீடு கட்ட மாட்டாங்கம்மா, குழி தோண்டி உள்ள போய் மேல மூடிக்கோ"ங்கறான். எனக்கு அது பிடிக்கல. குழிக்குள்ள உட்கார்ந்து இருட்டைப் பாக்கறதுக்கா இதை ஆரம்பிச்சேன்? சுவர், கூரை, கதவு, ஒரு ஜன்னல். சின்னதா இருந்தாலும் பார்த்தா வீடுன்னு தெரியணும்.

இப்ப கையில இருக்கறது: உடைஞ்ச சுவர்ல மிச்சம் இருந்ததை இடிச்சு எடுத்த ஓக் கட்டை 11. மண் அம்பது சொச்சம். கம்பளி வெள்ளை 2, கறுப்பு 1. மரக்கன்று 2. வேற ஒண்ணும் இல்ல. சுத்தி ஒரே புல்வெளி. மரம் எல்லாம் ரொம்பத் தள்ளி அங்கொண்ணு இங்கொண்ணு. முப்பது அடி வெச்சா ஒரு பாறைத் திட்டு இருக்கு. மூணு பிளாக் உயரம், பதினஞ்சு பிளாக் அகலம் இருக்கும். கையால அடிச்சுப் பார்த்தேன், உடையுது, ஆனா கையில ஒண்ணும் வரல. விடிஞ்சதும் சேவ் பண்ணி மூடி வெச்சிருக்கேன். அடுத்து திறக்கும்போது என்ன செய்யணும்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் திறப்பேன்.

அரைத்தூக்கம் பதில்:

உங்க பையன் சொல்றதுதான் சரிங்க. அந்தப் பாறைல ரெண்டு பிளாக் உள்ள போய் மண்ணால வாசலை அடைச்சா வேலை முடிஞ்சுது. ராத்திரி மொத்தமே ஏழு நிமிஷம்தான். நான் இன்னைக்கும் புது உலகத்துல அப்படித்தான்.

கம்பளி மூணும் ஒரே நிறமா இருந்தாத்தான் கட்டில் வரும், அதனால உங்ககிட்ட இருக்கறது இப்போதைக்கு உதவாது. சிலந்தியைக் கொன்னா நூல் விழும். நூல் 4 சேர்ந்தா ஒரு வெள்ளைக் கம்பளி. உங்களைக் கொன்ன சிலந்திகிட்டயே வசூல் பண்ணிக்கலாம்.

கல்லுளிமங்கன் பதில்:

அக்கா, குழி வேண்டாம். நான் உங்க கட்சி. ஆனா அந்த 9×9ஐ இன்னைக்கே மறந்துடுங்க.

எல்லாரும் சுவருக்குத்தான் கணக்குப் போடுவாங்க. ஆளைக் கவுக்கறது கூரை. 9×9க்கு சுவர் ஒரு வரிசைக்கு 32, மூணு வரிசைக்கு 96. அதோட கூரைக்கு 81. முதல் பகல்ல இதெல்லாம் நடக்காது. ஒரு பகல் வெறும் 10 நிமிஷம், அந்தியும் விடியலும் ஆளுக்கு ஒண்ணரை நிமிஷம். 7×5 எடுத்துக்குங்க. ஒரு வரிசைக்கு 20, கூரைக்கு 35. உள்ளே 5×3, பதினஞ்சு கட்டம் கிடைக்கும். கட்டிலுக்கு ரெண்டு, பெட்டி, மேஜை, அடுப்புக்கு ஒண்ணு ஒண்ணு போனாலும் பத்து கட்டம் காலி. ஒண்டிக்கட்டைக்கு அது தாராளம்.

இன்னொரு விஷயம், கோவிச்சுக்காதீங்க. கட்டையை அப்படியே சுவர்ல அடுக்கியிருக்கீங்களே, பார்த்ததும் எனக்கே நெஞ்சு வலிச்சுது. ஒரு கட்டையைக் கிராஃப்டிங் கட்டத்துல (சாமான் செய்யற கட்டம்) போட்டா 4 பலகை வரும். சுவர்ல வெச்ச ஒவ்வொரு கட்டையும் நாலு பலகை. உங்க ஊர்வெளில மரம்தான் பஞ்சம், கல்லு இல்ல. அதனால கல்லால முடியாத வேலைக்கு மட்டும் மரத்தைத் தொடுங்க. சுவர், கூரை ரெண்டுமே கல்லு.

கையால கல்லை உடைச்சா ஒண்ணும் கிடைக்காது, பிக்காக்ஸ் (குந்தாலி) வேணும். உங்க 11 கட்டையை நான் இப்படிப் பிரிப்பேன்: ஏழு கட்டையை அறுத்தா 28 பலகை. மேஜைக்கு 4, மர பிக்காக்ஸுக்கு 3, கதவுக்கு 6, பெட்டிக்கு 8, என்னைக்காவது வரப்போற கட்டிலுக்கு 3. மிச்சம் 4 பலகையை 8 குச்சி ஆக்குங்க. மர பிக்காக்ஸுக்கு 2 குச்சி, அதை வெச்சு மூணு கல்லு எடுத்ததும் கல் பிக்காக்ஸ், அதுக்கு 2. மர பிக்காக்ஸ் 59 பிளாக் தாங்கும், கல்லு 131 தாங்கும், வேகமும் ஜாஸ்தி. மர பிக்காக்ஸ் மூணு கல்லோட ஓய்வு எடுத்துக்கட்டும்.

நிலக்கரி இல்லைன்னு கவலைப்படாதீங்க. எட்டு காபிளை (பாறையை உடைச்சா கைக்கு வர்ற கல்லு) வட்டமா வெச்சா ஃபர்னஸ், அதாவது அடுப்பு. அதுல மேல மூணு கட்டை, கீழே எரிக்க ரெண்டு பலகை. ஒரு பலகை ஒண்ணரை உருப்படியைச் சுடும், அதனால ரெண்டு பலகைக்கு மூணு கட்டை கச்சிதமா மரக்கரி ஆயிடும். மூணு கரி, மூணு குச்சி, 12 டார்ச் (தீப்பந்தம்). கடைசிக் கட்டையை அறுத்து அதுல ரெண்டைத்தான் இப்ப எரிச்சீங்க, ஆக கையில இன்னும் 2 பலகை, ஒரு குச்சி.

இப்ப கல்லு. மரத்துக்குப் பக்கத்துல கட்டாதீங்க, பாறைக்குப் பக்கத்துல கட்டுங்க. பாறையையே பின்சுவரா வெச்சுக்கிட்டா ஒரு வரிசைக்கு 7 மிச்சம், அடுக்க வேண்டியது 13தான். மூணு வரிசைக்கு 39, கதவுக்கு ரெண்டு, ஜன்னலுக்கு ரெண்டு கழிச்சா 35. கூரைக்கு முழுக் கல்லு போடாதீங்க, ஸ்லாப் (அரை உயரக் கல்லு) போடுங்க. மூணு காபிளுக்கு ஆறு ஸ்லாப் வரும், 18 காபிள் போதும், ஒண்ணு மிஞ்சக்கூட செய்யும். 35, 18, ஃபர்னஸ் 8, பிக்காக்ஸ் 3. கூட்டிப் பாருங்க, சரியா 64. ஒரே ஒரு ஸ்டாக் (பையில ஒரு கட்டத்துல அடங்கற அளவு)! இதை எழுதும்போது எனக்கே ஒரு சந்தோஷம். கல்லை மட்டும் பின்சுவரா வரப்போற பகுதியில தோண்டிடாதீங்க, பக்கத்துல தள்ளி எடுங்க.

ஸ்லாப் வைக்கறதுல ஒரு சூட்சுமம். உங்க கிட்ட இருக்கற மண்ணைக் காலுக்குக் கீழே வெச்சு வெச்சு குதிச்சு மேல ஏறுங்க. சுவரோட தலைமேல முதல் சுற்றை வையுங்க, பிளாக்கோட கீழ்ப்பாதியில உட்காரும். அப்புறம் அதை ஒட்டியே உள்பக்கமா நீட்டிக்கிட்டு வாங்க. நடுவுல முட்டு எதுவும் வேண்டாம், இங்க கல்லு அந்தரத்துல நிக்கும். விழறது மணலும் சரளையும் மாதிரி சிலதுதான். கீழ்ப்பாதி ஸ்லாப் மேல ராட்சசங்க முளைக்காது, அதனால கூரைக்கு டார்ச் தண்டம்.

மரக்கன்று ரெண்டையும் முதல் வேலையா நட்டுட்டு வாங்க. மத்த வேலை நடக்கும்போது அது பாட்டுக்கு வளரும்.

இலைமறைகாய் பதில்:

மேல சொன்ன கணக்கு சுத்தம். ஒரு இடத்துல மட்டும் எனக்கு ஒப்பில்லை. பெட்டிக்கு இப்ப என்ன அவசரம்? வெக்கறதுக்கு அவங்ககிட்ட என்ன இருக்கு? அந்த 8 பலகையை ஜன்னலுக்குக் குடுங்க. ரெண்டு பலகை உடைச்சா 4 குச்சி. நாலு பலகை, ரெண்டு குச்சி சேர்த்தா 3 வேலி வரும். ஜன்னல் ஓட்டைல வேலியை நிறுத்திட்டா வெளியே தெரியும், எதுவும் உள்ள வராது. ஓட்டையைச் சும்மா விட்டுடாதீங்க, ஒரே ஒரு பிளாக் ஓட்டைல குட்டி ஜாம்பி நுழைஞ்சிடும். அது ஓடற ஓட்டத்துக்கு உங்களால ஈடு குடுக்க முடியாது. கண்ணாடிக்கு மணல் வேணும், அது அப்புறம் பாத்துக்கலாம்.

வெளிச்சம் பத்தி ஒரு பழைய புராணம் இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு: நாலடிக்கு ஒரு டார்ச், ஆறடிக்கு ஒரு டார்ச்னு. 2021ல விளையாட்டோட 1.18 பதிப்பு வந்ததோட அது மாறிப்போச்சு. அதுக்கு முன்னாடி வெளிச்சம் 7 அல்லது அதுக்குக் கீழே இருந்தாலே ராட்சசங்க முளைக்கும். இப்ப சுத்தமா 0 ஆனாத்தான். டார்ச்சோட வெளிச்சம் 14, ஒரு பிளாக்குக்கு ஒண்ணு ஒண்ணா குறையும். வீட்டுக்குள்ள ஒண்ணே ஒண்ணு போதும். மிச்சத்தை வெளியே பரவலா நட்டு வையுங்க, வாசலைச் சுத்தி கண்டிப்பா.

கதவு பத்திப் பயப்படாதீங்க. நார்மல்ல ஜாம்பி மரக்கதவைத் தட்டும், உடைக்காது. ஹார்டுலதான் உடைக்கும்.

அரைத்தூக்கம் பதில்:

இவ்வளவு கணக்குப் போடறதுக்குள்ள நான் குழிக்குள்ள ரெண்டு ராத்திரி தூங்காமலே கழிச்சிருப்பேன். மூணு நாள் தூங்காம விட்டா ஃபேண்டம்ங்கற ராட்சசன் பறந்து வந்து கொத்தும், அதையும் சொல்லிடறேன்.

மொட்டைமாடி எழுதியது:

மூணு பேருக்கும் நன்றி. முதல் இரவு நல்லபடியா முடிஞ்சுது. (சிரிக்காதீங்க, விளையாட்டைச் சொல்றேன்.)

கல்லுளிமங்கன் தம்பி சொன்னதை ஒரு தாள்ல எழுதி கீபோர்டுக்குப் பக்கத்துல ஒட்டி வெச்சுக்கிட்டேன். கல் பிக்காக்ஸ் கைக்கு வந்ததும் ஒவ்வொரு கல்லா கழண்டு வந்து சேர்றது இருக்கே, அது தனி சுகம். 64 வந்ததும் நிறுத்தணும்னு நெனைச்சேன், 80 வரைக்கும் கை நிக்கல. நல்லதுதான் ஆச்சு, ஏன்னு கீழே சொல்றேன்.

பெட்டி வைக்கல. வேலிதான். சுவர் மூணு வரிசை ஏறும்போதே சூரியன் மேற்குல இறங்கிட்டான். மண்ணுல ஏறி நின்னுக்கிட்டு ஸ்லாப் வைக்கறேன், கை நடுங்குது, ரெண்டு தடவை கால் தவறி உள்ளேயே விழுந்தேன். கடைசி ஸ்லாப்பை வீட்டுக்குள்ள நின்னு அண்ணாந்து வெச்சு மூடினதும் சட்டுனு உள்ள இருட்டாயிடுச்சு. டார்ச்சை வெச்சேன். அந்த மஞ்சள் வெளிச்சம் கல்லு மேல விழுந்ததும் கொஞ்ச நேரம் ஒண்ணுமே பண்ணாம சும்மா நின்னேன். வெளியே முக்கல், முனகல், எலும்பு கடகடக்கற சத்தம். வேலி வழியா பார்த்தா ஜாம்பி ஒண்ணு எட்டிப் பாக்குது. போடா வெளியேன்னு வாய்விட்டே சொன்னேன், பக்கத்து அறையில இருந்து பையன் "யாரும்மா?"ங்கறான்.

தப்பு எங்கன்னா, ரெண்டு ஜன்னலையும் பக்கவாட்டுச் சுவர்ல ஆளுக்கொண்ணா வெச்சுட்டேன், அழகுக்கு. வாசல் பக்கம் ஒண்ணுகூட இல்ல. விடிஞ்சதும் ஜன்னல்ல பார்த்தா ஜாம்பி எல்லாம் தீப்பிடிச்சு எரியுது. ஆகா, எல்லாம் ஒழிஞ்சுதுன்னு கதவைத் திறந்தேன். கிரீப்பருக்கு (அன்னைக்கு உஸ்ஸுன்ன அந்தப் பச்சை, வெடிக்கறது) வெயில் ஒண்ணும் செய்யாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கதவுக்கு நேரே நின்னுக்கிட்டு இருக்கு. உஸ்ஸுன்னதும் நான் பின்னாடி பாறை வரைக்கும் ஓடிட்டேன். உயிர் மூணு இதயத்துல தப்பிச்சுது. கதவும், அதைச் சுத்தி ஒன்பது கல்லும் போச்சு, வாசல்ல ஒரு பள்ளம்.

பதினாறு கல்லு உபரியா இருந்ததால சுவரை உடனே அடைச்சேன். ஆறு பலகைக்கு மூணு கதவு வந்ததே, மிச்சம் ரெண்டு இருந்துச்சு. புதுக் கதவை அவசரத்துல உள்ள இருந்தே வெச்சுட்டேன் போல. வெளியே இருந்து பார்த்தா ஒரு பிளாக் அளவுக்கு உள்வாங்கி, திண்ணை மாதிரி தெரியுது. அப்படியே விட்டுட்டேன். வாசலுக்கு இந்தப் பக்கம் கண் உயரத்துல ஒரு கல்லை எடுத்துட்டு மூணாவது வேலியை நட்டிருக்கேன்.

நூல் மூணு சேர்ந்திருக்கு, இன்னும் ஒண்ணு வேணும். நட்ட கன்றுல ஒண்ணு மரமாயிடுச்சு.

பையன் வந்து பார்த்துட்டு, "கூரை ஏன் தட்டையா இருக்கு, சாய்வா போட்டிருக்கலாம்ல"ங்கறான். இந்தப் பேரை வெச்சுக்கிட்டு நான் சாய்வுக் கூரையா போடுவேன்?