கானாடுகாத்தான் வீட்டில் நிற்கும் பிரெஸ்ஸாவை வாங்கலாமா?

பள்ளத்தூர்க்காரி:
ஆத்தாவுக்கு முழங்கால் வலி. எங்கள் பழைய காரில் உட்காருவது கிணற்றுக்குள் இறங்குவது போல இருக்கிறது. எழுப்ப இரண்டு ஆள் வேண்டும். இருக்கை உயரமான வண்டி தேடுகிறேன். கையில் ஆறு லட்சம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

இரண்டு வண்டிகள் வந்திருக்கின்றன. ஒன்று, கானாடுகாத்தானில் 2018 மாருதி விட்டாரா பிரெஸ்ஸா டீசல். ஓடியது 19,000 கி.மீ.தான், 5.90 லட்சம் கேட்கிறார்கள். வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரில், முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்தால் எடுப்பார்களாம். காவல்காரர் உறையை விலக்கியதும் என் முகமே அதில் தெரிந்தது. மற்றது, காரைக்குடியில் 2019 ஃபோர்டு எகோஸ்போர்ட் பெட்ரோல். 78,000 கி.மீ., 5.25 லட்சம். வாராவாரம் திருச்சி போய்வந்த வண்டி, பம்பரில் கீறல். நான் மாதம் 500 கி.மீ. ஓட்டினாலே அதிகம். மனம் முதல் வண்டியில்தான் நிற்கிறது.

தேவகோட்டை பட்டறை:
தங்கச்சி, மீட்டரைப் பார்த்து மயங்காதீர்கள். பூட்டிய வீட்டில் நின்ற வண்டிகளை நிறையப் பிரித்திருக்கிறேன். ஓடாத வண்டி தேயாது, சரி. ஆனால் ரப்பர் இறுகிவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1418 என்றால் 2018-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் செய்தது. பழைய டயர்களே இருந்தால், பட்டன் (டயரின் மேல்வரி) எவ்வளவு இருந்தாலும் நான்கையும் மாற்றுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அங்கே யார் மாற்றியிருப்பார்கள்? டீசல் டாங்கில் தண்ணீர் சேர்ந்து இன்ஜெக்டருக்குப் போனால் செலவு பெரிது.

எல்லாவற்றுக்கும் மேலே எலி. போன தை மாதம் ஒரு வண்டியின் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன்: கல்யாணப் பத்திரிகைத் துண்டும் உமியுமாக உள்ளே ஒரு குடித்தனமே நடந்திருந்தது. வயரிங் பாதி இல்லை.

சொல்லாமல் காலையில் போங்கள். போனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காகக் கிளப்பி வைத்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்றவர், கோட்டையூர்:
ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) யார் பெயரில் இருக்கிறது ஆச்சி? நம் பக்கம் வீட்டுக்குப் பத்துப் பங்காளிகள். சில சமயம் வண்டிக்கும் அப்படித்தான். உரியவர் இருந்தால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் அவரே கையெழுத்திட வேண்டும், காவல்காரர் போட்டால் செல்லாது. காலமாகியிருந்தால் முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றி, பிறகுதான் உங்களுக்கு. காப்பீட்டையும் 14 நாளுக்குள் மாற்றிவிடுங்கள். நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, விற்றவரோடு போய்விடும், வண்டியோடு வராது.

வேறொரு எகோஸ்போர்ட் உரிமையாளர்:
500 கி.மீ.க்கு டீசல் எதற்கு? பிரெஸ்ஸாவில் 2020 வரை பெட்ரோலே கிடையாது, அதனால்தான் அந்த வண்டி டீசல். ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் கடையைக் கட்டுவதாக அறிவித்துவிட்டது என்று பயமுறுத்துவார்கள். என் அனுபவத்தில் ஃபில்டரும் பிரேக் பேடும் மதுரையில் தட்டில்லாமல் கிடைக்கின்றன. முன்விளக்குக்குத்தான் ஒரு மாதம் காத்திருந்தேன். பின்கதவு பக்கவாட்டில் திறக்கும், ஸ்டெப்னி அதன் முதுகில். ஒட்டி நிறுத்தினால் திறக்க முடியாது. அது இருக்கட்டும், ஆத்தாவை இரண்டிலும் ஏற்றிப் பார்த்தீர்களா?

பள்ளத்தூர்க்காரி:
ஏற்றிப் பார்க்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை ஆறரைக்கே போய் நின்றோம். போனட் சில்லென்று இருந்தது, காவல்காரர் நல்லவர். டயரில் 0918. பிரேக் ஆயில் காப்பி நிறம். எலி இல்லை, ஒரு பல்லி இருந்தது. ஆர்.சி. காலமான பெரியவர் பெயரில், வாரிசுகள் நால்வர், ஒருவர் பினாங்கில். படிவம் 31-ஐ முடித்துக் கொடுத்தால் ஐந்து லட்சம் தருகிறேன் என்று சொல்லியனுப்பினேன். பதில் இல்லை.

காரைக்குடியில் ஆத்தா யார் கையையும் பிடிக்காமல் எகோஸ்போர்ட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “அப்படியே குன்றக்குடிக்கு விடு” என்றார்கள். வண்டி இன்னும் நம்முடையது இல்லை என்று சொல்லி இறக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. 5.05-க்கு முடிந்தது. திங்கட்கிழமை முன்பணம் கொடுக்கிறேன்.